நடுவில் ஒரு ஆள்

லோகேஸ்வரனைப் பற்றி அவனுடைய சொந்தபந்தங்கள் ஒரு வாரமாக நல்லதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய மருத்துவமனை அது. ஆறாவது மாடியில், அவன் படுத்திருந்த அறைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு சாய்வு நாற்காலி, நாற்காலிக்கு மேலே ஒயர்கள் தொங்கும் ஒரு தொப்பி. சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய், அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அவனைப் பற்றிப் பேச வேண்டும். பேசும்போது மனசில் என்ன காட்சி எழுகிறதோ அதைத் தொப்பி பிடித்துக்கொள்ளும். பிடித்ததை லோகேஸ்வரனின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் சிப்புக்கு அனுப்பும். இப்படிச் சேரச் சேரக் காணாமல் போன ஆள் திரும்பி வருவான் என்பதுதான் வைத்தியம்.

ஆள் காணாமல் போனது மழைக்காலத்தில். அருப்புக்கோட்டையில் சோலார் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும்படி பேசிக்கொண்டு திரிந்த மனுஷன், ஒரு காலையில் பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தான். மூளைக்காய்ச்சல் என்றார்கள். காய்ச்சலை இறக்கினார்கள், உயிரையும் எப்படியோ பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் ஆள் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பெற்றவள் பெயர் முதல் சொந்தப் பெயர் வரை எல்லாம் துடைத்துப் போயிருந்தது. அதோடு, எச்சில் விழுங்க வேண்டும், மூச்சு இழுக்க வேண்டும் என்கிற பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போதைக்கு மூச்சைத் தாங்கிக்கொண்டிருந்ததும் அந்த சிப்தான்.

அவன் மனைவி தர்ஷினி படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தர்ஷினி என்பது ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயர். இப்போது அந்தப் பெயர்க்காரிகளுக்கெல்லாம் முட்டி வலி வந்துவிட்டது. இவளுக்கும் வந்திருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாததால் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

வைத்தியத்தை நடத்துகிற ரெஹானா பர்வீன் மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல. மானிடவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். சொந்தக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் பிடிபடவில்லை. தர்ஷினியின் மாமியார் ஜெயப்பிரபா முதல் நாளே தன் சுகர் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டிவிட்டாள். அவளும் மறுக்காமல் வாங்கிப் பார்த்து, இனிப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினாள்.

ஜெயப்பிரபாதான் முதலில் கூண்டுக்குள் போனவள். என் மகன் தங்கம், அவன் யாரையும் அதட்டிக்கூடப் பேசினதில்லை என்றாள். அடுத்து லோகேஸ்வரனின் தம்பி நவீன் போனான். அண்ணன் எனக்கு அப்பா ஸ்தானம் என்று சொல்லிவிட்டு அழுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள், பங்காளிகள், கூடப் படித்தவர்கள், அவனிடம் ஏச்சு வாங்காத நாளே இல்லாத கடைப்பையன்கள் என்று எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் தங்கம் என்றார்கள். கடைசியாக ராஜபாளையத்திலிருந்து தர்ஷினியின் அண்ணன் கோகுல் வந்து இறங்கினான். லோகேஸ்வரனும் அவனும் பேசி வருஷக்கணக்காகிறது. அவனாவது உண்மையைச் சொல்வான் என்று தர்ஷினி உள்ளுக்குள் நினைத்திருந்தாள். அவனும் தொப்பியை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி ஒரு மனுஷன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்தான்.

தர்ஷினி மட்டும் என்னவாம். அவளும் அதைத்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை ரெஹானா அவளைத் தனியாக அழைத்துப்போய்த் திரையில் காட்டினாள். சொந்தக்காரர்கள் பேசியதெல்லாம் வெளுத்த புகையாக மிதந்துகொண்டிருந்தது. அங்கங்கே ஒரு கிணறு, ஒரு சட்டை, சைக்கிள் ஓட்டும் ஒரு முதுகு. முகம் எங்கேயும் இல்லை.

"அக்கா, இது உங்க வீட்டுக்காரர் இல்ல" என்றாள் ரெஹானா. "பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பேரையும் போட்டோவையும் மாத்துனா யாருக்கு வேணாலும் பொருந்தும். வாய் புகழுது, மனசுல ஒரு காட்சியும் வரல. தொப்பி வாயைக் கேக்கறதில்ல."

ஏன் இப்படி என்று தர்ஷினி கேட்டாள். ரெஹானா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த மெஷினச் செஞ்ச ஊர்ல ஒருத்தரப் பத்திக் கேட்டா, அவருக்கு எது புடிக்கும், எதுக்குப் பயப்படுவார், என்ன ஆசைன்னு சொல்லுவாங்க. ஆள் தோலுக்குள்ள இருக்காருன்னு நெனைக்கிறவங்க. இங்க கேட்டா என் மூத்தவன், எங்கண்ணன், என் தங்கச்சி மாப்பிள்ளைன்னு உறவத்தான் சொல்றாங்க. அது தப்பில்ல அக்கா. நம்ம பக்கம் ஆள் தோலுக்குள்ள இல்ல, நாலு பேருக்கு நடுவுல இருக்காரு. அதனால நான் வேற வழியில முயற்சி பண்றேன்."

அந்த வழியையும் சொன்னாள். ஒரே நாள், ஒரே சம்பவம். அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் நின்ற இடத்திலிருந்து அதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வயிற்றில் என்ன செய்ததோ அது திரும்ப வர வேண்டும். நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்தால் கம்பம் நிற்பது போல, நடுவில் ஒரு ஆள் நிற்பார். அவர் நின்றுவிட்டால் மற்ற ஞாபகங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"எல்லார் மனசும் எங்க பாக்குதோ அதுதான் நடு. மெஷினுக்குப் பேரெல்லாம் தெரியாது" என்றாள் ரெஹானா. தர்ஷினி அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. சம்பவம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் மனசு வேறெங்கோ போய் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் ஆள் நிற்காவிட்டால் சிப்பை எடுத்துவிடுவார்கள், கீழ்த்தளத்தில் வேறொரு குடும்பம் காத்திருக்கிறது என்று ரெஹானா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எடுத்தால் என்ன ஆகும் என்று தர்ஷினி கேட்கவில்லை.

எல்லோரும் இருந்த ஒரு நாள், எல்லோருக்கும் வயிறு கலங்கிய ஒரு சம்பவம் இருக்கத்தான் செய்தது. அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

அதன் ஆரம்பம் மகள் இனியாவின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்த மடியில் உட்கார்ந்து எழுந்தால்தான் அது ஊருக்குப் பிள்ளை. அன்றைக்குக் கோகுல் சீர்த்தட்டுகளோடு வருவதற்கு நேரமாகிவிட்டது. வழியில் வண்டி நின்றுபோனது. லோகேஸ்வரனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. நல்ல நேரம் போகிறது என்று சத்தம் போட்டான், பிள்ளையைத் தூக்கித் தம்பி நவீன் மடியில் வைத்து முடித்துவிட்டான். கோகுல் வந்து பார்த்தபோது பிள்ளை காதில் ரத்தப் பொட்டும் கம்மலுமாக அழுதுகொண்டிருந்தது. ஒரு தாய்மாமனை இதைவிடப் பெரிதாக அவமானப்படுத்த முடியாது. சீர்த்தட்டுகளை மண்டபத்து வாசற்படியிலேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அப்புறம் சில வருஷம் கழித்துக் கோகுல் ராஜபாளையத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். தங்கச்சி வீட்டுக்காரனை நேரில் வந்து அழைக்கவில்லை, போனில் ஒரு பத்திரிகை அனுப்பியதோடு சரி. கோகுலின் மனைவி ஜெயப்பிரபாவின் சொந்த அண்ணன் மகள் என்பதால் மாமியாரும் கொழுந்தனும் போகாமல் இருக்க முடியாது. தர்ஷினிக்குக் கூடப் பிறந்தவன் வீடு. லோகேஸ்வரன் நான் வரமாட்டேன் என்றான், நீ போகாதே என்று சொல்லவில்லை. போனாள்.

மதியப் பந்தியில் உட்கார்ந்தாள். சோறு போட்டாகிவிட்டது. நடுவில் குழி செய்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கோகுலே சாம்பார் வாளியோடு வந்து நிற்கிறான். இவ்வளவு நாளைக்கப்புறம் அண்ணன் கையால் சோறு. அவன் ஊற்ற ஆரம்பித்தபோது யாரோ அவளுடைய இடது கையின் மேல்புறத்தைப் பிடித்தார்கள். எந்திரி என்று ஒரே சொல். லோகேஸ்வரன்.

அவள் எழுந்தாள். கொட்டின சாம்பார் இலை ஓரத்தில் வழிந்து கீழே சொட்டியது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இலையில் உட்கார்ந்தவளை எழுப்பக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் வாயைத் திறக்காமல் அழுதாள், வலது கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்து இறுகிக்கொண்டே வந்தது.

லோகேஸ்வரன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வந்தது. மாதுளம்பழம் வாங்கி வந்து, தானே உட்கார்ந்து உரித்து, ஒரு முத்தும் நசுங்காமல் கிண்ணத்தில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். ஒன்றும் சொல்லமாட்டான். அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்வான், இன்றைக்குச் சொல்வான் என்று காத்திருந்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவாள். அதற்கப்புறம் அவள் எந்த வீட்டுப் பந்தியிலும் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்பாள், விரதம் என்பாள், வீட்டுக்கு வந்து பன்னைத் தின்றுவிட்டுப் படுப்பாள்.

புருஷன் பிழைக்க வேண்டும் என்று எல்லாப் பெண்களையும் போல அவளும் சாமியைக் கும்பிட்டாள். ஆனால் அவளுடைய தவிப்பு அது மட்டுமல்ல. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவனிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. தப்புத்தான் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அவன் இப்படியே போய்விட்டால் அந்த நாளைப் பற்றிப் பதில் சொல்ல உலகத்தில் ஆளே இருக்காது.

புதன்கிழமை முழுக்க அவள் ஒவ்வொருவர் காலிலும் விழாத குறை. மாமியார் காதைப் பொத்திக்கொண்டாள். படுத்துக் கிடக்கிறவனைப் பற்றிக் குறை பேசுவது அவனை வழியனுப்பி வைக்கிற மாதிரி, என் வீட்டில் அது நடக்காது என்றாள். நல்லதைப் பேசிப் பேசியே அவர் போய்க்கொண்டிருக்கிறார் அத்தை என்று தர்ஷினி சொன்னதற்கு, நீ வாயை வைக்காதே என்று எழுந்து போய்விட்டாள். நவீன் சுற்றி வளைத்தான். அது அண்ணன் செய்ததில்லை அண்ணி, அவர் கோபம் செய்தது, அதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறிக்கொண்டு என்றான்.

கோகுலை மருத்துவமனை கேன்டீனில் பிடித்தாள். டீ ஆறிப்போய் அவன் முன்னால் இருந்தது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"உனக்கு அவர் மேல கோவம் இல்லையாண்ணே?"

"அவர் மேல இருந்தாச் சொல்லிட்டுப் போயிருவேன்மா" என்றான் கோகுல். "என் வீட்டுப் பந்தி. என் தங்கச்சி எலை. சாம்பார் வாளி என் கையில இருந்துச்சு. அதக் கீழ வச்சுட்டு, கைய எடுங்க மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அடுத்த எலைக்குப் போனேன். அத எந்த வாயால சொல்லச் சொல்ற?"

தர்ஷினிக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் தலை வைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மாடிக்கு வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் லோகேஸ்வரனின் மூச்சு இரண்டு தடவை நின்று நின்று வந்தது. மெஷின் கத்தியது, நர்சுகள் ஓடி வந்தார்கள். அவர்கள் போன பிறகு தர்ஷினி யாரிடமும் சொல்லாமல் எழுந்து கண்ணாடிக் கூண்டுக்குள் போய்த் தொப்பியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள். ரெஹானா ஓடிவந்து சரியாகப் பொருத்திவிட்டாள்.

வெளியே இருந்தவர்களுக்கு அவள் பேசுவது கேட்காது. ஆனால் பார்க்கலாம். அவளுடைய வலது கைவிரல்கள் மடியில் எதையோ பிசைகிற மாதிரி குவிந்தன. இடது தோள் ஒரு வெட்டு வெட்டி மேலே போனது. முகம் கோணி வாய் திறந்துகொண்டது. சத்தம் வெளியே வராததால் பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. ஜெயப்பிரபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நவீன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தர்ஷினி வெளியே வந்தபோது கதவருகே கோகுல் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். அவன் வந்ததும் நவீன் போனான். ஜெயப்பிரபா மட்டும் சாயங்காலம் வரை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு ரெஹானாவைக் கூப்பிட்டு, நான் சொல்லப்போவதை யாருக்கும் போட்டுக் காட்டமாட்டேன் என்று உன் பிள்ளை மேல் சத்தியம் செய் என்றாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை அம்மா என்று ரெஹானா சொன்ன பிறகும் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனாள்.

அவள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் திரையில் புகை விலகியது. நடுவில் ஒரு உருவம் நின்றது. முகம் தெரியவில்லை, ஆனால் ஆள் நின்றுவிட்டது. ரெஹானா தர்ஷினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தர்ஷினி சென்னையில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, அப்பா வந்துட்டாரு என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் லோகேஸ்வரன் கண்ணைத் திறந்தான். இந்தத் தடவை கண்ணுக்குப் பின்னால் ஆள் இருந்தது. அம்மா என்றான். ஜெயப்பிரபா அலறியே விட்டாள். நவீனைப் பார்த்து, ஏன்டா இளைச்சுட்ட என்றான். கோகுலைப் பார்த்து மச்சான் என்றான். வருஷக்கணக்காக அந்த வாயிலிருந்து வராத சொல் அது. கோகுல் கொண்டு வந்திருந்த பழப்பையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நவீன் ஓடிப்போய் ஒரு கிலோ லட்டு வாங்கி வந்து, மாடியில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். ஜெயப்பிரபாவும் இரண்டு தின்றாள், ரெஹானா பார்க்காதது போல இருந்தாள்.

தர்ஷினியை அவன் கடைசியாகத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பலவீனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இட்லி வந்தது. தட்டை அவன் மடியில் வைத்து, சாம்பாரை ஊற்றினாள். அவன் ஒரு விள்ளல் பிட்டுக் கையில் எடுத்தான். தலையணை சரிந்திருந்ததால் அவனைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைப்பதற்காக அவனுடைய இடது கையின் மேல்புறத்தைப் பிடித்தாள். அவன் உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த விள்ளல் தட்டில் விழுந்தது.

"நான் எந்திரிக்கணுமா?" என்றான்.

அறையில் லட்டு தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"அன்னைக்கு ஏன் என்னை எந்திரிக்கச் சொன்ன, தர்ஷினி?" சத்தம் போட்டே பேசிப் பழகிய அந்தக் குரல் ஒரு சின்னக் குரலாக வந்தது. "எலையில சோறு இருந்துச்சு. மச்சான் சாம்பார் ஊத்திட்டிருந்தாரு. ஆசையா உக்காந்தேன். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவள் பிடித்த கையை எடுக்க மறந்து நின்றாள். அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"நீங்கல்லாம் பாத்துட்டுத்தான இருந்தீங்க. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலியே."

அவள் இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வி அது. அதைக் கேட்டுவிட்டு அவன் அழுதான். அவள் பைக்கில் உட்கார்ந்து அழுத மாதிரியே, வாயைத் திறக்காமல் அழுதான்.

ரெஹானா அவளை வெளியே இழுத்து வந்தாள். கையில் இருந்த சின்னத் திரையில் எதையெதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"எல்லாரும் உங்களையேதான் பாத்திருக்காங்க அக்கா" என்றாள். "உங்க அண்ணன், கொழுந்தன், உங்க மாமியார்கூட. அந்த நாளை நெனைச்சதும் அவங்க மனசுல நீங்கதான் இருக்கீங்க. உங்க முகம், உங்க எலை, உங்க சோத்துக் கை. அவரோட முகம் ஒருத்தர் மனசுலயும் இல்ல. அவர் வெறும் ஒரு கைதான். எல்லாரும் பாத்த இடத்துல இருந்த ஆள்தான் இவர்னு மெஷின் எடுத்துக்கிச்சு. உங்க எலையில இவர் உக்காந்துட்டாரு, எழுப்புன கை உங்களோடதாயிருச்சு. நான் கவனிச்சிருக்கணும்."

தர்ஷினி சுவரில் சாய்ந்துகொண்டாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் அவள் இத்தனை காலம் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மாமியார்கூடப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்திருக்கிறார்கள்.

இதை மாற்ற முடியாதா என்று கேட்டாள். ரெஹானா தலையைக் குனிந்துகொண்டு, அந்த முடிச்சில்தான் மொத்த ஆளும் நிற்கிறது, அதை அவிழ்த்தால் ஆளே அவிழ்ந்துவிடும் என்றாள்.

உள்ளே வந்தபோது ஜெயப்பிரபா வாசலிலேயே அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள். அவள் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரும்மா. புள்ள மனசு ஆறட்டும். பொழச்சு வந்திருக்கான். கேட்டா உனக்கு என்ன கொறஞ்சிரப் போகுது?"

தர்ஷினி நவீனைப் பார்த்தாள், அவன் ஜன்னலைப் பார்த்தான். கோகுலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்தது என்னவென்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். லோகேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்குச் சொல்லிவிடுவாயா என்று கேட்கிற பார்வை. கண்ணாடியில் அவள் பார்த்துப் பார்த்துப் பழகியது. அவனிடம் கேட்பதற்கென்று அவள் வைத்திருந்த கேள்வி இப்போது அவன் கையில் இருந்தது. செய்தவன் இனி எங்கேயும் இல்லை. பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்கள்தான் இரண்டு பேர் இருந்தார்கள்.

தப்புத்தாங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவன் அமைதியாகச் சாப்பிடுவான். அவளும் எத்தனையோ பொய்யை வாய் கூசாமல் சொன்னவள்தான், அவனைத் தங்கம் என்று இதே மாடியில் சொன்னவள்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். வரவில்லை. ஒரு மனுஷன் இதைச் சொல்ல முடியாமல் இத்தனை வருஷம் எப்படி இருந்தான் என்று அவள் எத்தனை நாள் ஆத்திரப்பட்டிருக்கிறாள்.

மேஜை மேல் கோகுலின் பழப்பை பிரிக்காமல் இருந்தது. பிரித்தாள். மேலாக மாதுளம்பழங்கள்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நகத்தால் தோலைக் கீறி, இரண்டாகப் பிளந்து, முத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். அவசரப்படவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அறையை விட்டு வெளியே போனார்கள். முழுப் பழத்தையும் உரித்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் கிண்ணத்தைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட ஆரம்பித்தான்.